வெள்ளப் பேப்பர்ல பேர் எழுதக் கூடாது

கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம எங்க சபையில வெள்ளப் பரிசு ஆராதன நடக்கும். எல்லாரும் வீட்டுலேருந்து ஒரு பார்சல் கொண்டு வருவாங்க. சவுக்காரம், துவாய், பால்மா, பிள்ளைங்களுக்கு வெளையாட்டுச் சாமான், இப்பிடி ஏதாச்சும். எதுவா இருந்தாலும் வெள்ளப் பேப்பர்ல சுத்தணும். மேல பேர் எழுதக் கூடாது. யாரு குடுத்ததுன்னு குடுத்தவங்களுக்கும் கடவுளுக்கும் மட்டுந்தான் தெரியணுமாம். பாட்டுப் பாடிக்கிட்டே வரிசையா வந்து பீடத்துக்கு முன்னால அடுக்குவாங்க. அப்புறம் அத ஏழைங்களுக்கு, அகதிங்களுக்கு அனுப்புவாங்க. பாக்க அழகாத்தான் இருக்கும். எனக்கும் மொத வருஷம் அழகாத்தான் தெரிஞ்சிச்சு.

எங்க வீட்டுக்காரரு செத்தது அந்த அழகுனாலதான்.

நாங்க இருந்தது கண்டி டவுன்ல, சபை ஹோலுக்குப் பின்னால ஒரு ரூம்ல. அவரு சபை வேன் ஓட்டுனாரு. நான் ஹோல் கூட்டுவேன், கூட்டம் நடந்தா டீ போடுவேன். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம், ஏழாம் வகுப்போட நின்னவ. அவரு தெல்தோட்டைப் பக்கம். அவங்க குடும்பம் வேதக்காரங்க. கல்யாணத்துக்காக நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கம்மா தடுக்கல. "சாமி எதுவா இருந்தா என்ன, டவுன்ல ரூம் இருக்கில்ல"ன்னா.

சபையில சமூக நீதிக் கமிட்டின்னு ஒண்ணு இருந்திச்சு. கண்டியில எங்க சமாதானக் கூட்டம் நடந்தாலும் இவங்க இருப்பாங்க. மேடையில காவி கட்டுன புத்த ஹாமதுரு ஒருத்தரு, மௌலவி ஒருத்தரு, நடுவுல எங்க போதகர் ஐயா. மூணு பாஷையில பேனரு. தோட்டச் சனத்துக்குக் குடிதண்ணி வேணும்னு அரசாங்கக் கச்சேரிக்குப் போயி பேசுவாங்க. எங்க ரூம்ல தண்ணிப் பைப் இல்ல. ஹோலுக்குப் பின்னால உள்ள பைப்புலேருந்து நான் வாளியில அள்ளிக்கிட்டு வருவேன், அந்தக் கூட்டம் நடக்குற கதவ தாண்டித்தான். ஒரு நாளும் யாரும் திரும்பிப் பாத்ததில்ல.

தமிழ்ச் சனத்த அடிச்ச கலவரத்துல ஹோலத் தொறந்து சனத்த வச்சிருந்தத அவங்க சொல்லாத கூட்டமே இல்ல. அப்ப நான் சின்னப்புள்ள. எங்க தோட்டத்து லயத்து வீடுங்களக் கொளுத்த வந்தப்ப எங்கம்மா என் வாயப் பொத்திக்கிட்டு தேயிலைக்குள்ள படுத்திருந்தா. அங்க எந்தச் சபையும் வரல.

இன்னொண்ணையும் சொல்லணும். எனக்கு அடையாள அட்ட எடுத்துக் குடுத்தது அந்தக் கமிட்டிதான். அதுக்காக எத்தன தடவ நன்றி சொல்லணும்னு எனக்குத் தெரியல. அவங்களுக்கும் போதும்னு தோணல.

எங்க வீட்டுக்காரரு அவங்கள நீதிபதிமாருன்னு சொல்லுவாரு. "நீதிபதிமாருக்கு டீ போட்டாச்சா புள்ள?"ன்னு கதவுல நின்னு கேப்பாரு. கூட்டம் முடிஞ்சதும் மிச்சம் இருக்குற கட்லட்ட நாங்க சாப்புடுவோம். "நீதி கொஞ்சம் ஒறப்பு"ன்னுவாரு. அவருக்கு அவங்க மேல கோவமில்ல, சிரிப்புத்தான். எனக்கு இப்ப அந்தச் சிரிப்பு வர்றதில்ல.

கமிட்டிக்குத் தலைவி ஒரு அம்மா. பெரிய பள்ளிக்கூடத்துல பிரின்ஸிபலா இருந்து பென்ஷன் எடுத்தவங்க. யாழ்ப்பாணத்து ஆளு, குண்டசாலையில மாடி வீடு. எல்லாரும் மிஸ்னுதான் கூப்புடுவோம். சிங்களம் சிங்களவங்க மாதிரியே பேசுவாங்க. பொலிஸ்ல பெரிய எடத்துல இருக்குறவங்க பிள்ளைங்க எல்லாம் அவங்ககிட்ட படிச்சதுங்க. ரோட்டுல போனா ஜீப்ப நிப்பாட்டி கும்புடுவாங்க.

அந்த வருஷம் பரிசெல்லாம் வவுனியாப் பக்கத்துல ஒரு அகதி முகாமுக்குப் போகணும்னு முடிவாச்சு. ஆராதன முடிஞ்சதும் பொம்பளைங்க ஹோல்ல ஒக்காந்து பார்சலுங்கள பெட்டியில அடுக்கினாங்க. நான் கேக் தட்ட சுத்திக் குடுத்துக்கிட்டு இருந்தேன். மிஸ் அப்பத்தான் ஒரு பேக்க கொண்டு வந்து மேசையில கொட்டுனாங்க. சின்னச் சின்ன டோர்ச், செகப்பு, நீலம், பச்ச. பெட்டரியும் போட்டிருந்திச்சு. "பேப்பரும் கம்மும் தா பிள்ளை"ன்னு என்கிட்ட கேட்டு அங்கயே சுத்தினாங்க.

வடக்குப் பக்கம் பெட்டரி கொண்டுபோகக் கூடாது. புலிக்குப் போவும்னு ஆமி புடிக்கும். இது றோட்டுல போற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு பெட்டி தூக்க வந்தவரு பாத்துட்டாரு. "மிஸ், பெட்டரிய கழட்டிருங்க மிஸ்"ன்னாரு.

"பெட்டரி இல்லாத டோர்ச் எண்டால் அது தடி தானே, தம்பி"ன்னாங்க மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க. போதகர் ஐயாவும் வாயில கேக்கோட சிரிச்சாரு.

"செக்பொயிண்ட்ல பிரிப்பாங்க மிஸ்."

"வெள்ளைப் பரிசை ஆர் பிரிக்கப் போகினம்? முன்னுக்குப் போதகர் அங்கியோட இருப்பார். முகாமில லைற் இல்லை தம்பி. சின்னப் பிள்ளையள் இருட்டுக்குள்ளை இருக்குதுகள். ஆளுக்கொரு வெளிச்சம்."

ஆளுக்கொரு வெளிச்சம்னதும் ரெண்டு பேருக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அதுக்கப்புறம் யாரு பெட்டரியக் கழட்டுறது. அவரு பெட்டியத் தூக்கிட்டாரு. சம்பளக்காரனுக்கு எவ்வளவு பேச ஏலும்?

மறுநா காலையில என் பழைய சேலைத் துண்டால வேனத் தொடச்சிட்டு, நாலு பக்கமும் சுத்திப் பாத்துட்டு ஏறுனாரு. "நேத்து கேக்குல ஒரு துண்டு டின்ல வச்சிருக்கேன். எறும்பு வராமப் பாத்துக்க"ன்னாரு. அதுதான் வீட்டுல சொன்ன கடைசிப் பேச்சு.

அடுத்த நா பொழுது சாயிற நேரம் போதகர் ஐயா கேட்டத் தொறந்துகிட்டு நடந்து வந்தாரு. பஸ்ல வந்திருக்காரு. அங்கிய மடிச்சுக் கையில வச்சிருந்தாரு. நான் ஓடிப் போயி கேட்டேன்.

"சின்னப் பிரச்சன மகள். வேன வச்சிருக்காங்க."

"வேன வச்சிருக்காங்கன்னா, அவரு?"

"அவரும் வேனோடதான் இருக்காரு."

இப்பிடித்தான் எனக்குச் சொன்னாரு. போதகர் ஐயாவும் ஒரு தோட்டத்துல பொறந்தவருதான். அத மட்டும் எந்தப் பிரசங்கத்துலயும் சொல்ல மாட்டாரு.

அன்னைக்கு ராத்திரியே பஸ் மாறி மாறி நான் அவர வச்சிருந்த பொலிசுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னாரு. சட்ட கிழிஞ்சிருந்திச்சு. ஒதடு வீங்கியிருந்திச்சு. என்ன நடந்திச்சுன்னு மெதுவாச் சொன்னாரு. ஆமிக்காரன் ஒரு பார்சலப் பிரிச்சிருக்கான். டோர்ச். அடுத்ததப் பிரிச்சா அதுவும் டோர்ச். யாரு வச்சதுன்னு கேட்டிருக்காங்க. போதகர் ஐயா, சேறு படாம அங்கிய ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எறங்கி, "சனங்க பேர் போடாம குடுக்குறது, எங்களுக்குத் தெரியாது, வேன்ல ஏத்துனது டிரைவர்தான்"னிருக்காரு. பொய் ஒண்ணுமில்ல பாருங்க. ஏத்துனது டிரைவர்தான்.

"நீ மிஸ்கிட்ட போ"ன்னாரு அவரு. "அவங்க வந்து நாந்தான் வச்சேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். இங்க பொலிஸ் பெரிய மாத்தயாவே சொல்லிட்டாரு."

பெரிய மாத்தயா கெட்ட மனுசன் இல்ல. என்னைய ஒக்காரச் சொல்லி சிங்களத்துல வெளங்கப்படுத்தினாரு. சபைப் பெரியவங்க யாராச்சும் வந்து, இது நாங்க கட்டுன பார்சல், பிள்ளைங்களுக்குன்னு சொன்னா அவரே எழுதி விட்டுருவாராம். வெள்ளிக்கெழமைக்குள்ள வரணும். அதுக்கப்புறம் மேலிடம் எடுத்துக்கும், அவரு கையில இல்ல.

ஒருத்தரு வந்து ஒரு வார்த்த. எனக்கு அப்ப மனசு லேசாயிருச்சு. நம்ம சபையில எவ்வளவு பேரு நல்லா சிங்களம் பேசுறாங்கன்னு பஸ்ல வரும்போது நெனச்சிக்கிட்டே வந்தேன்.

புதன்கெழம பொழுது சாய கமிட்டி அவசரமாக் கூடிச்சு. நாந்தான் டீ போட்டேன். நான் போடாம வேற யாரு போடுவா. தட்டத் தூக்கிக்கிட்டுப் போகும்போது ஒருத்தரு பேசிக்கிட்டு இருந்தாரு. "இத தனி ஒரு ஆளோட பிரச்சனையாப் பாக்கக் கூடாது. இது நாட்டுல உள்ள எல்லாக் கைதிகளோட பிரச்சன." எல்லாரும் தலையாட்டுனாங்க. இன்னொருத்தரு, ஒரு ஆளுக்காகப் போயி நின்னா அது சுயநலமாப் போயிரும்னாரு. விசாரிக்காம ஆளப் புடிச்சு வைக்கிற சட்டத்தக் கண்டிச்சு மூணு பாஷையில ஒரு அறிக்க எழுதுறதுன்னு முடிவாச்சு. தமிழ் அறிக்கையில கடுமையாப் போடுவோம், சிங்களத்துல கொஞ்சம் பாத்துப் போடுவோம்னு பேசுனாங்க. வெள்ளிக்கெழம முழு நாளும் உபவாச ஜெபம். அப்புறம் வேன மீட்குறதுக்குன்னு தனியா ரெண்டு பேரப் போட்டாங்க.

நான் தட்ட வச்சுட்டு அங்கயே நின்னேன். "ஐயா, டோர்ச்ச வச்சது மிஸ்தானே. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

ஒருத்தரு சீனி கலக்குற சத்தம் மட்டும் கேட்டிச்சு.

"வெள்ளப் பரிசுல பேர் சொல்றது நம்ம வழக்கமில்ல மகள்"ன்னாரு போதகர் ஐயா. ரொம்ப மெதுவா, பாட்டுல கடைசி வரி மாதிரி.

மிஸ் கோப்பைய ஒதட்டுல வச்சுப் பாத்துட்டு, "ஆறிப்போச்சு பிள்ளை, வேற ஒண்டு கொண்டு வா"ன்னாங்க. நான் கொண்டு வந்து குடுத்தேன். இன்னைக்கும் அதுதான் எனக்கு ஆத்திரம். போயி சுடச்சுட ஊத்திக் கொண்டு வந்து குடுத்தேன்.

வியாழக்கெழம குண்டசாலைக்குப் போனேன். தனியாக் கேட்டா வருவாங்கன்னு நெனச்சேன். வெறாந்தாவுல கதிரையப் போட்டு ஒக்கார வச்சாங்க. மிஸ் நல்லவங்க மாதிரித்தான் பேசுனாங்க. அழுதாங்க கூட.

"நான் போறதெண்டால் எனக்கென்ன பிள்ளை, நான் கிழவி. ஆனா சபையின்ரை பேர் போயிடும். பிறகு அகதியளுக்கு ஆர் செய்யிறது?"

"அவங்க உங்களத் தொட மாட்டாங்க மிஸ். உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்களோட அப்பாமாருதானே."

"ஓம், ஓம்"ன்னுட்டு ரோசாச் செடிப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறந்தான் வந்திச்சு. "மகன் கனடாவில இருந்து கூப்பிட்டிருக்கிறான். பொலிசில என்ரை பேர் ஒருக்கா பதிஞ்சுதெண்டால் விசா வராது, பிள்ளை. நீ கலியாணம் கட்டினனீ. குடும்பம் எண்டால் உனக்கு விளங்கும் தானே."

எனக்கு வெளங்கலன்னு சொன்னேன்.

"கடவுள் பாத்துக்கொள்ளுவார்"னு என் தலையில கைய வச்சு ஜெபிச்சாங்க. நீளமா ஜெபிச்சாங்க. ஜெபத்துல எங்க வீட்டுக்காரரு பேரு வந்திச்சு, என் பேரு வந்திச்சு, நாட்டுத் தலைவருங்க பேரு கூட வந்திச்சு. டோர்ச் வரல. போகும்போது அவருக்குன்னு சோறும் கோழிக்கறியும் வாழையெலையில கட்டிக் குடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன்.

வெள்ளிக்கெழம விடிய, சபை ஒண்ணும் சாப்புடாம முழங்கால்ல நிக்கிற நேரம், நான் அந்தச் சோத்துப் பார்சலோட பொலிசுக்குப் போனேன். பெரிய மாத்தயா என்னையப் பாக்கல. எனக்குப் பின்னால கேட்டத்தான் பாத்தாரு. யாராச்சும் வண்டிய நிறுத்திட்டு வருவாங்கன்னு நெனச்சாரு போல.

"யாருமில்லையா?"ன்னாரு.

"இல்ல மாத்தயா. ஜெபத்துல இருக்காங்க."

அவரு பேனைய மூடி சட்டப் பையில வச்சுக்கிட்டாரு.

எங்க வீட்டுக்காரருக்கு சாப்பாடு குடுக்க விட்டாங்க. பசியில சாப்பிட்டாரு. "மிஸ் வீட்டுக் கறி நல்லாருக்கு"ன்னாரு. அப்புறம், "வரலையா?"ன்னாரு. நான் தலைய ஆட்டுனேன். "நீதிபதிமாருக்கு வேல இருக்கும்"னு சிரிக்கப் பாத்தாரு. ஒதடு வெடிச்சிருந்ததால சரியா சிரிக்க முடியல.

அன்னைக்குப் பின்னேரமே அவரத் தூரத்துத் தடுப்பு முகாம் ஒண்ணுக்குக் கொண்டு போயிட்டாங்க.

அடுத்த வாரம் வேன் வந்திச்சு. அதே பொலிஸ், அதே மாத்தயா. போதகர் ஐயாவே அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நேர்ல போயி எடுத்துட்டு வந்தாரு. வேன் எங்களோடதுன்னு சொல்றதுக்கு யாருக்கும் நாக்கு ஒட்டல. ஞாயித்துக்கெழம அதுக்கு நன்றி ஜெபமும் வச்சாங்க. தொடச்ச சேலைத் துண்டு சீட்டுக்கு அடியில அப்பிடியே கெடந்திச்சு. டின்ல இருந்த கேக்க எறும்பு தின்னிருச்சு. நான் பாத்துக்கல.

அவர நான் அதுக்கப்புறம் உசுரோட பாக்கல. மழைக்காலம் முடியிறப்ப காய்ச்சல்ல செத்துட்டாருன்னு தகவல் வந்திச்சு. என்ன காய்ச்சல்னு யாரும் சொல்லல. பெட்டிய ஆணி அடிச்சுத்தான் குடுத்தாங்க. தொறக்கக் கூடாதாம்.

சாவுக்கு சபை ஒரு கொறையும் வைக்கல. ஹாமதுரு வந்தாரு, மௌலவி வந்தாரு, பேனரு வந்திச்சு. நீதிக்காகப் பாடுபட்ட சகோதரன்னு போதகர் ஐயா பிரசங்கம் பண்ணுனாரு. எங்க வீட்டுக்காரரு நீதிக்காக ஒண்ணும் பாடுபடல. அவரு வேன் ஓட்டுனாரு. நல்லா ஓட்டுனாரு. பள்ளத்துல விழாம, ஆட்டு மேல ஏத்தாம ஓட்டுனாரு. அதச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன்.

ரூம்ல நான் தொடர்ந்து இருக்கலாம்னு கமிட்டியில தீர்மானம் போட்டாங்க. நான் இருந்தேன். லயத்துக்குத் திரும்பிப் போனா அங்க எனக்குப் படுக்க எடமில்ல, தம்பி குடும்பம் இருக்கு. அவங்கள காறித் துப்பிக்கிட்டே அவங்க ஹோலக் கூட்டுனேன். மிஸ்ஸுக்கு விசா கெடைக்கல. அதக் கேள்விப்பட்டப்ப சந்தோஷப்பட்டேன். நல்லா வயிறு நெறையச் சாப்பிட்டேன்.

மறுபடியும் டிசம்பர் வந்திச்சு. வெள்ளப் பரிசுக்கு முந்தின ஞாயிறு போதகர் ஐயா ஒரு அறிவிப்புச் சொன்னாரு. பரிசுல பெட்டரி உள்ள சாமான் வைக்க வேண்டாம்னு தயவாக் கேட்டுக்கிறோம். தமிழ்ல சொன்னாரு, சிங்களத்துல சொன்னாரு, இங்கிலீசுல சொன்னாரு. ஒரு தடங்கல் இல்லாம, கண்ணாடியக் கூட சரி பண்ணாம சொன்னாரு. பெரிய மாத்தயாகிட்ட ஒரு பாஷையில ஒரு வார்த்த சொல்ல ஏலாமப் போனவரு.

புது டிரைவர் ஒருத்தர எடுத்திருந்தாங்க. அதுவும் தோட்டத்துப் பையன்தான். கல்யாணமாகி கைப்புள்ள ஒண்ணு இருந்திச்சு. அந்தப் பையன் என்னைய அக்கான்னு கூப்புடும். அதுக்கு வெவரம் ஒண்ணும் யாரும் சொல்லியிருக்கல. முந்தின டிரைவர் காய்ச்சல்ல செத்தாருன்னு மட்டும் தெரியும்.

ஆராதன முடிஞ்சு ஹோல்ல பெட்டி அடுக்குற நேரம் நான் கேக் தட்டக் கீழ வச்சேன். மேசைக்குப் போயி மொத பார்சல எடுத்து பேப்பரக் கிழிச்சேன். துவாய். ரெண்டாவதக் கிழிச்சேன். சவுக்காரம்.

"என்ன செய்றீங்க மகள்?"ன்னாரு போதகர் ஐயா.

"பாக்குறேன் ஐயா."

"ஐயோ, வெள்ளைப் பரிசைப் பிரிக்கிறதோ? ஆண்டவருக்குப் படைச்ச சாமான்"னாங்க மிஸ். ஒரு பொம்பள என் கையப் புடிக்க வந்தா. நான் பாத்த பார்வையில விட்டுட்டா. நான் கிழிச்சுக்கிட்டே போனேன். காலடியில வெள்ளப் பேப்பரு குமிஞ்சு கெடந்திச்சு. பாட்டுப் புத்தகம், பால்மா, சட்டத் துணி. ஒண்ணுமில்லையோன்னு எனக்கே வெக்கமா வந்திச்சு.

அப்புறம் ஒரு பொம்ம வந்திச்சு. மஞ்ச முடி. வயித்த அமத்துனா பாடுற பொம்ம. அமத்துனேன், பாடிச்சு. முதுகுல மூடியத் தொறந்தா பெட்டரி.

தூக்கிப் புடிச்சேன். "இது யாரோடது?"

அது பாடிக்கிட்டே இருந்திச்சு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. மிஸ் கைப்பையத் தொறந்து மொகந் தொடைக்க லேஞ்சி தேடுனாங்க. நான் ஒவ்வொரு ஆள் முன்னாலயும் கொண்டு போயி காட்டுனேன். பல்லு தெரிய சிரிச்சு பழகுன மொகங்க, மூணு பாஷையும் பேசுற மொகங்க. ஒருத்தருக்கும் தெரியல.

புது டிரைவர் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்திச்சு. "அக்கா, அது பெட்டரியா?"

"ஆமா தம்பி."

"யாரு வச்சதுன்னு தெரியாதாமா?"

"தெரியாதாம்."

அது வேன் சாவிய எடுத்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில கொழுவிச்சு.

"தம்பி, முகாமுல பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்"னாரு போதகர் ஐயா.

"எனக்கும் புள்ள இருக்கு ஐயா"ன்னு சொல்லிட்டு கேட்டத் தொறந்துகிட்டு போயிருச்சு.

அந்த வருஷம் வேன் போகல. சபையில வேற யாருக்கும் வேன் ஓட்டத் தெரியாதாம். காருங்க மட்டும் வெளிய வரிசையா நின்னிச்சு. பிள்ளைங்களுக்குக் கிறிஸ்மஸ் பரிசு கெடைக்காமப் போனதப் பத்திப் பேச கமிட்டி கூடிச்சு. இந்தத் தடவ நான் டீ போடல. கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். இதுக்கெல்லாம் காரணம் நாந்தான்னு முடிவெடுத்தாங்க. என் பேரச் சொல்லித்தான் பேசுனாங்க. அத யாரு செஞ்சதுன்னு மட்டும் எல்லாருக்கும் ஒடனே தெரிஞ்சிருந்திச்சு.